இலத்தீன் குறுமைப்பெயர்கள்: தோற்றமும் ரொமான்ஸ் மொழிகளில் அவற்றின் வளர்ச்சியும்

பிரெஞ்சு மொழியில் ஞாயிற்றைக் குறிக்கும் 'சொலேய்', தேனீயைக் குறிக்கும் 'அபேய்', காதைக் குறிக்கும் 'ஒரேய்' ஆகிய மூன்று சொற்களும் ஒரே வகை ஈற்றைக் கொண்டவை. சொற்பிறப்பு நோக்கில் இவை முறையே 'சிறு ஞாயிறு', 'சிறு தேனீ', 'சிறு காது' என்று பொருள்படுவன. ஆயினும் பிரெஞ்சு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் இச்சொற்களில் சிறுமை எதனையும் உணர்வதில்லை. யானையின் காதையும் 'ஒரேய்' என்றே வழங்குவர். சிறியது என்னும் பொருளைத் தருவதற்கென்றே அமைந்த ஓர் ஒட்டு, அப்பொருளை இழந்து சொல்லின் உடலோடு ஒன்றிவிடுவது எவ்வாறு? ஒன்றிய பின்னர் அம்மொழி குறுமைப்பொருளை எவ்வழியில் உணர்த்துகிறது? இலத்தீனிலிருந்து ரொமான்ஸ் மொழிகள் கிளைத்த வரலாறு இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஈராயிரம் ஆண்டுச் சான்றுகளை அளிக்கிறது. அம்மொழிகளிலிருந்து பெயர்ப்போர்க்கும் இவ்வரலாறு இன்றியமையாதது. எந்த 'சிறு'வைப் பெயர்ப்பது, எதனை விட்டுவிடுவது என்பதை முடிவு செய்ய இதுவே துணை.

இவ்வகைச் சொற்களைச் 'சிறுமைப்பெயர்' என்று வழங்குவதும் உண்டு. தமிழில் 'சிறுமை' என்பது இழிவையும் சுட்டும் ஆதலின் 'குறுமைப்பெயர்' என்னும் வழக்கே இங்குக் கொள்ளப்படுகிறது. இலத்தீன் சொற்கள் செவ்விலத்தீன் ஒலிப்பையும், பிற மொழிச் சொற்கள் அவ்வம்மொழியின் இன்றைய ஒலிப்பையும் ஏறக்குறைய ஒட்டித் தமிழெழுத்தில் தரப்பட்டுள்ளன. சான்றின்றி மீட்டுருவாக்கப்பட்ட வடிவங்கள் உடுக்குறி பெறும்.

ஒட்டின் தோற்றம்

இலத்தீன் குறுமை ஒட்டுகள் பலவற்றிற்கும் அடிப்படை இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் *-லோ- என்னும் ஒட்டாகும். இது ஜெர்மானியக் கிளையிலும் காணப்படுகிறது. விவிலியத்தைக் கோத்திக் மொழியில் பெயர்த்த 4ஆம் நூற்றாண்டு ஆயர் வுல்ஃபிலாவின் பெயர் 'சிறு ஓநாய்' என்று பொருள்படும். இலத்தீனில் இவ்வொட்டு -உலுஸ் என்றும், உயிரொலியை அடுத்து -ஓலுஸ் என்றும் வரும். 'ஃபீலியுஸ்' (மகன்) என்பதன் குறுமை 'ஃபீலியோலுஸ்'. மூன்றாம் திரிபு முதலிய வகைகளைச் சார்ந்த பெயர்கள், ககரம் முன்னின்ற -குலுஸ் என்னும் கூட்டொட்டை ஏற்றன: 'அவ்ரிஸ்' (காது) – 'அவ்ரிகுலா', 'ஃப்ளோஸ்' (பூ) – 'ஃப்ளோஸ்குலுஸ்', 'மூஸ்' (எலி) – 'மூஸ்குலுஸ்'. தோலுக்கடியில் அசையும் தசையை 'சிற்றெலி' எனக் கண்ட உவமையே ஆங்கிலத்தின் 'மஸில்' வரை வந்துள்ளது.

மற்றொரு வடிவம் ஒலிமாற்றத்தின் விளைவு. 'அகெர்' (வயல்) என்பதனோடு -லோ- சேர, *அகெர்லோஸ் என்றாகி, ரகரம் லகரத்தோடு ஒன்றி 'அகெல்லுஸ்' ஆயிற்று. இவ்வாறே 'லிபெர்' (நூல்) 'லிபெல்லுஸ்' ஆயிற்று. இச்சொற்களிலிருந்து -எல்லுஸ் என்னும் பகுதி தனி ஒட்டாக உணரப்பட்டு, ரகரமோ னகரமோ இல்லாத சொற்களிலும் புகுந்தது. இப்பிறழ்பிரிப்பு ஒரு சிறு நிகழ்ச்சியே. எனினும் பின்னாளில் ரொமான்ஸ் மொழிகளில் குறுமை ஒட்டு உயிர்வாழ்ந்ததற்கு இதுவே காரணமாயிற்று என்பது கீழே காட்டப்படும்.

ஒட்டின் மேல் ஒட்டு ஏறுவதும் தொன்றுதொட்டே உண்டு. 'கிஸ்டா' (பெட்டி), 'கிஸ்டுலா', 'கிஸ்டெல்லா' என்னும் வரிசையை இலக்கண அறிஞர் வர்ரோ (கி.மு. 116–27) எடுத்துக்காட்டுகிறார். நாடக ஆசிரியர் பிளாட்டஸ் அதற்கும் ஒருபடி மேலே சென்று 'கிஸ்டெல்லுலா' என்கிறார். ஒட்டு தேயுந்தோறும் புதிய ஒட்டு தேவைப்படுகிறது என்னும் உண்மைக்கு இதுவே முதற் சான்று எனலாம்.

இவற்றுள் மிகவும் மறைந்து கிடப்பது 'பெல்லுஸ்' (அழகிய) என்னும் சொல். 'போனுஸ்' (நல்ல) என்பதன் பழைய வடிவமாகிய 'த்வெனோஸ்' குறுமை ஒட்டேற்று, *த்வெனெலோஸ் என்றாகிப் பின் 'பெல்லுஸ்' ஆயிற்று. எனவே இன்றைய பிரெஞ்சின் 'போ' (அழகிய) என்பதும் 'போன்' (நல்ல) என்பதும் ஒரு வேரின் இரு கிளைகள். ஒன்று மற்றொன்றின் குறுமை என்பதைச் சிசரோவே உணர்ந்திருப்பாரா என்பது ஐயத்திற்குரியது. சிறுமியைக் குறிக்கும் 'புயெல்லா' என்பதும் வடிவால் குறுமைப்பெயரே. அதுவும் செவ்விலத்தீன் காலத்திலேயே அடிச்சொல் போல வழங்கியது. அஃதாவது, குறுமைப்பெயர் தன் பொருளை இழத்தல் இலத்தீனின் வீழ்ச்சிக்காலத்து நிகழ்ச்சி அன்று. அம்மொழியின் எல்லாக் காலத்திலும் நிகழ்ந்தது.

அளவும் உணர்வும்

கி.பி. 500ஐ ஒட்டிக் கான்ஸ்டாண்டிநோபிளில் இலக்கணம் கற்பித்த பிரிஸ்கியன், குறுமைப்பெயர்கள் பயன்படும் இடங்களை மூன்றாக வகுத்தார்: பொருளுக்கு இன்றியமையாத இடம், நயமான பேச்சு, இன்சொல்லும் கொஞ்சலும். கொஞ்சல் சிறப்பாகக் குழந்தைகளிடத்து நிகழும் என்பதையும் அவர் குறித்துள்ளார். பிற்கால ஆய்வுகள் பலவும் இப்பாகுபாட்டை விரித்தவையே. ஸ்பானிய அறிஞர் அமாதோ அலோன்சோ 1935இல் எழுதிய கட்டுரையில், ஸ்பானியக் குறுமைப்பெயரில் அளவைவிட உணர்வே மேலோங்கும் என வாதிட்டார். டிரெஸ்லர், மெர்லினி பார்பரேசி ஆகியோரின் 1994ஆம் ஆண்டு நூல் பேச்சுச் சூழலுக்கு முதன்மை தந்தது. 1996இல் டேனியல் ஜுராஃப்ஸ்கி, உலக மொழிகள் பலவற்றை ஒப்பிட்டு, குறுமைப்பொருளின் மையம் 'குழந்தை' என்னும் கருத்தே என்றார்.

அளவு முந்தியதா, உணர்வு முந்தியதா என்னும் வழக்கிற்கு இலத்தீன் சான்றுகளைக் கொண்டு தீர்ப்புக் கூறுதல் இயலாது. முழுமையாகக் கிடைத்துள்ள மிகப் பழைய இலக்கியமாகிய பிளாட்டஸின் நாடகங்களிலேயே இரண்டும் ஒருங்கே காணப்படுகின்றன. எழுதப்படும் நூலின் வகையே வேறுபாட்டை வருவிக்கிறது. சிசரோ தம் மகள் துல்லியாவைக் கடிதங்களில் 'துல்லியோலா' என அழைத்தார். தம் பகைவன் குளோடியுஸ் புல்கெர் என்பவனின் குடிப்பெயர் 'அழகன்' என்று பொருள்படும். அதனைக் கடிதத்தில் 'புல்கெல்லுஸ்' எனக் குறுக்கி எள்ளினார். ஒரே எழுத்தாளரிடம் ஒரே இலக்கணக் கருவி அன்பிற்கும் ஏளனத்திற்கும் பயன்பட்டது. கட்டுல்லுஸின் பாடல்களில் இவ்வடிவங்கள் மலிந்துள்ளன. காப்பியத்தின் உயர்நடையைப் பேணிய வெர்ஜில் இவற்றைப் பெரிதும் தவிர்த்தார். 'ஈனெய்ட்' காப்பியத்தின் நான்காம் பகுதியில் டீடோ தன் துயரில் கூறும் 'பர்வுலுஸ்' (சின்னஞ்சிறு) என்னும் சொல் உரையாசிரியர்களின் கவனத்தை ஈர்ப்பது இவ்வருமையினாலேயே.

அழுத்தமும் ஒட்டின் மறைவும்

இலத்தீனில் சொல்லழுத்தம் ஈற்றயலசை நெடிலாகவோ மெய்யால் மூடியதாகவோ இருந்தால் அதன்மேல் விழும். இல்லையெனில் அதற்கு முந்திய அசைக்குப் பின்வாங்கும். 'அவ்ரிகுலா' என்பதில் அழுத்தம் 'ரி'யின் மேல் உள்ளது. ஒட்டாகிய 'குலா' அழுத்தமின்றி நிற்கிறது. பேச்சில் அழுத்தமற்ற உகரம் மறையவே 'ஓரிக்ளா' என்னும் வடிவம் தோன்றியது. 'புரோபுஸின் பின்னிணைப்பு' எனப்படும் பிழைதிருத்தப் பட்டியல் இதனைப் பதிவு செய்துள்ளது. 227 பதிவுகள் கொண்டதும், காலம் பற்றிக் கருத்து வேறுபாடு நிலவுவதுமாகிய அப்பட்டியல், 'ஓரிக்ளா' வேண்டா, 'அவ்ரிஸ்' என்க எனக் கற்பிக்கிறது. கிழவியைக் குறிக்கும் 'அனுஸ்' என்பதற்கு மாற்றாக வழங்கிய 'அனுக்ளா'வையும், பேத்தியைக் குறிக்கும் 'நெப்டிஸ்' என்பதற்கு மாற்றாக வழங்கிய 'நெப்டிக்ளா'வையும் அது கடிந்துரைக்கிறது. ஆசிரியர் கடிந்த வடிவங்களே மக்கள் பேசிய வடிவங்கள் ஆதலின் இப்பட்டியல் மொழியியலார்க்குக் கருவூலம் ஆயிற்று.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அப்பட்டியல் 'ஓரிக்ளா'வைத் திருத்தும்போது 'அவ்ரிகுலா' எனத் திருத்தவில்லை. நேரே 'அவ்ரிஸ்' என்கிறது. ஆகவே அக்காலப் பேச்சில் 'ஓரிக்ளா' சிறு காதைக் குறிக்கவில்லை, காதையே குறித்தது.

உகரம் மறைந்தபின் 'க்ல்' என்னும் மெய்ம்மயக்கம் ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு வழியில் திரிந்தது. இத்தாலியத்தில் 'ஓரெக்கியோ', ஸ்பானியத்தில் 'ஓரேஹா', போர்த்துக்கீசியத்தில் 'ஓரெல்யா', ருமேனியத்தில் 'உரேக்கே', பிரெஞ்சில் 'ஒரேய்'. இவற்றுள் எதிலும் அடிச்சொல் இது, ஒட்டு இது எனப் பிரித்தல் பேசுவோர்க்கு இயலாது. 'வெடுஸ்' (பழைய) என்பதன் குறுமையாகிய 'வெடுலுஸ்', 'வெக்லுஸ்' என்றாகி, இத்தாலிய 'வெக்கியோ', ஸ்பானிய 'வியெஹோ' எனத் திரிந்ததும் இவ்வழியே. கருவிப்பொருள் தரும் வேறொரு -குலும் ஒட்டும் இலத்தீனில் உண்டு. 'ஸ்பெகுலும்' (கண்ணாடி) போன்றவை அதனால் ஆனவை, குறுமைப்பெயர்கள் அல்ல. உகரம் மறைந்தபின் இரண்டும் ஒரே வடிவெய்தின. இது ஒட்டின் பொருளை மேலும் மங்கச் செய்திருக்கலாம்.

இதற்கு மாறாக, -எல்லுஸ் என்பதில் இரட்டை லகரம் ஈற்றயலசையை மூடுவதால் அழுத்தம் ஒட்டின்மேலேயே விழுகிறது. 'அக்னெல்லுஸ்' (ஆட்டுக்குட்டி), 'குல்டெல்லுஸ்' (கத்தி) ஆகியவற்றில் ஒட்டு செவிக்குத் தெளிவாகக் கேட்டது. -உலுஸ் ஆக்கத்திறனை இழந்து மடிய, -எல்லுஸ் பெருகியது. 'ஃபீலியோலுஸ்' வகையின் வரலாறும் இவ்விதியை உறுதி செய்கிறது. செவ்விலத்தீனில் அழுத்தம் 'லி'யின் மேல் இருந்தது. பிற்காலத்தில் அவ்விகரம் யகரமாகத் தேய, அழுத்தம் ஒகரத்திற்கு நகர்ந்தது. அதன் பயனாகவே இத்தாலிய 'ஃபில்யோலோ', ஸ்பானிய 'இஹுவேலோ', ஞானமகனைக் குறிக்கும் பிரெஞ்சு 'ஃபிய்யெல்' ஆகியவை கிட்டின. பாட்டியைக் குறிக்கும் ஸ்பானிய 'அபுவேலா'வும் இவ்வாறு வந்த '*அவியோலா'வே. ஒரே ஒட்டு அழுத்தம் பெற்ற இடத்தில் வாழ்ந்தது. பெறாத இடத்தில் சொல்லோடு கரைந்தது.

கரைந்த ஒட்டின் இயல்பைத் தமிழ் வழக்கொன்று எளிதில் விளக்கும். 'தென்னம்பிள்ளை' என்பதில் 'பிள்ளை' இளமையைச் சுட்டுகிறது. 'கீரிப்பிள்ளை' என்பதிலோ அது கீரியின் குட்டியைச் சுட்டுவதில்லை. முதிர்ந்த கீரியும் கீரிப்பிள்ளையே. 'ஒரேய்' என்பதன் நிலை இதனினும் ஒருபடி முற்றியது. கீரிப்பிள்ளையில் பிள்ளை என்னும் சொல்லேனும் தெரிகிறது.

அடிச்சொல் ஏன் வீழ்ந்தது?

ஒட்டு மறைந்ததற்கு அழுத்தம் காரணம் என்பது தெளிவு. ஆனால் 'அவ்ரிஸ்' போன்ற அடிச்சொற்கள் வழக்கொழிந்து குறுமைப்பெயர்கள் அவற்றின் இடத்தைப் பற்றியது ஏன் என்பது வேறு வினா. இதற்கு மிகவும் புகழ்பெற்ற விடையை அளித்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து பாரிஸில் கற்பித்த ழூல் ஜில்லியெரோன் (1854–1926). எட்மோன் 639 இடங்களில் திரட்டிய தரவுகளைக் கொண்டு 1902–1910இல் அவர் வெளியிட்ட பிரான்சின் மொழி நிலப்படத் தொகுதி, கிளைமொழியியலின் அடித்தளங்களுள் ஒன்று. தேனீயைக் குறிக்கும் சொற்களைப் பற்றி 1918இல் அவர் ஒரு தனி நூலே எழுதினார். இலத்தீன் 'அபிஸ்' வட பிரான்சில் ஒலிமாற்றங்களால் தேய்ந்து, ஓருயிரளவே எஞ்சிய 'ஏ' என்னும் சொல்லாயிற்று. அத்துணைச் சிறிய சொல் பொருட்சுமையைத் தாங்க இயலாமையின் மக்கள் மாற்றுச் சொற்களை நாடினர் என்பது அவர் கொள்கை. தெற்கிலிருந்து வந்த 'அபேய்', மேற்கின் 'அவெட்', தேன்-ஈ என்று பொருள்படும் 'மூஷ் ஆ மியெல்' ஆகியவை அம்மாற்றுகள்.

இவ்விளக்கம் கவர்ச்சி மிக்கது. ஆயின் முழுமையானது அன்று. நீரைக் குறிக்கும் இலத்தீன் 'அக்குவா'வும் பிரெஞ்சில் 'ஓ' என ஓருயிராகத் தேய்ந்தது. அது இன்றும் வாழ்கிறது. மறுபுறம், ஒலித்தேய்வு குறைந்த இத்தாலியத்திலும் ருமேனியத்திலும் 'அவ்ரிஸ்' வீழ்ந்தது. எனவே சொற்சுருக்கம் பிரெஞ்சில் சில சொற்களுக்குத் துணைக்காரணமே. இலத்தீனின் பெயர்த்திரிபு முறையும் இங்குக் கருதத்தக்கது. 'அவ்ரிஸ்', 'அபிஸ்', 'வெடுஸ்' ஆகியவை சிக்கலான மூன்றாம் திரிபைச் சார்ந்தவை. முழங்காலைக் குறிக்கும் 'கெனு' அருகிய நான்காம் திரிபைச் சார்ந்தது. குறுமை ஒட்டேற்றவுடன் இவை யாவும் எளிய முதல், இரண்டாம் திரிபுகளுக்கு மாறின. வேற்றுமைகளை நினைவிற்கொள்ளும் சுமை குறைந்தது. 'கெனு' வீழ்ந்து '*கெனுகுலும்' நிலைத்து, இத்தாலிய 'ஜினோக்கியோ', பிரெஞ்சு 'ஜெனூ' எனத் திரிந்ததும் இவ்வாறே. ஸ்பானியம் அச்சொல்லையும் பிற்காலத்தில் கைவிட்டு, சிறு சக்கரம் என்னும் பொருளுடைய 'ரொட்டெல்லா'விலிருந்து வந்த 'ரோதீயா'வை முழங்காலுக்கு ஏற்றது. ஒரு குறுமைப்பெயர் போக மற்றொரு குறுமைப்பெயரே வந்தது. உடலுறுப்பு, கைக்கருவி, வளர்ப்பு விலங்கு, உறவுமுறை ஆகிய களங்களிலேயே இம்மாற்றம் மிகுந்திருப்பது வீட்டுப் பேச்சின் நெருக்கத்தையும் ஒரு காரணமாகக் காட்டுகிறது.

இத்தாலியத்தில் அடிச்சொல்லும் குறுமைப்பெயரும் வேலையைப் பகிர்ந்துகொண்ட இடமும் உண்டு. உடன்பிறந்தானும் உடன்பிறந்தாளும் 'ஃப்ரடெல்லோ', 'சொரெல்லா' ஆயினர். அடிச்சொற்களின் வழிவந்த 'ஃப்ராடே', 'சுவோரா' ஆகியவை துறவியர்க்கு உரியவாயின.

புதிய ஒட்டுகள்

பழைய ஒட்டு கரைந்த வெற்றிடத்தை இரண்டு ஒட்டுகள் நிரப்பின. ஒன்று -இட்டுஸ். பேரரசுக் காலக் கல்வெட்டுகளில் 'யூலிட்டா', 'லிவிட்டா' போன்ற பெண்பாற் பெயர்களில் இது முதலில் தலைகாட்டுகிறது. இதன் மூலம் பற்றி அறிஞரிடையே உடன்பாடு இல்லை. வீட்டில் பெண் குழந்தைகளை அழைக்கும் செல்லப்பெயர்களிலிருந்து பொதுப்பெயர்களுக்குப் பரவியது என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. இத்தாலிய -எட்டோ, பிரெஞ்சு -எ, -எட், ஸ்பானிய -ஈட்டோ ஆகியவை இதன் வழித்தோன்றல்கள். மற்றொன்று -ஈனுஸ். இது 'மரீனுஸ்' (கடலுக்குரிய) என்பதிற்போல உரிமைப்பொருள் தந்த பெயரடை ஒட்டு. இன்னாருக்கு உரியவர், இன்னாரின் பிள்ளை, சிறியவர் எனப் பொருள் நகர்ந்து இத்தாலிய -ஈனோ, போர்த்துக்கீசிய -ஈன்யு ஆயிற்று. இவ்விரண்டும் அழுத்தம் தாங்கிய ஒட்டுகள் என்பது குறிப்பிடத்தக்கது.

இலத்தீன் குறுமைப்பெயர் பொதுவாக அடிச்சொல்லின் பாலையே ஏற்கும். 'ரானா' (தவளை, பெண்பால்) 'ரானுங்குலுஸ்' என ஆண்பாலாவது விதிவிலக்கு. இத்தாலியம் இவ்விலக்கைப் பெருவழக்காக்கிக்கொண்டது. பெண்பால் 'ஃபினெஸ்ட்ரா' (சன்னல்) ஆண்பால் 'ஃபினெஸ்ட்ரீனோ' (ஊர்தியின் சன்னல்) ஆகிறது. 'ஸ்பாட்சொலா' (தூரிகை) 'ஸ்பாட்சொலீனோ' (பல்துலக்கி) ஆகிறது. பால்மாற்றம் நிகழும் இடத்தில் சிறுமை மட்டுமன்றித் தனிப்பொருளே பிறந்துவிடுகிறது. போர்த்துக்கீசியத்தின் -சீன்யு என்னும் வடிவமோ பன்மை விகுதியை உள்ளே வைத்துக்கொள்கிறது. 'பாவ்ங்' (ரொட்டி) என்பதன் பன்மை 'பாய்ங்ஷ்'. குறுமைப் பன்மை 'பாய்ங்சீன்யுஷ்'. விகுதிக்குப் பின் ஆக்க ஒட்டு வராது என்னும் பொதுவிதிக்கு இது இடர் விளைவிப்பதால் உருபனியலார் மீண்டும் மீண்டும் எடுத்தாளும் சான்றாயிற்று.

ஸ்பானிய உலகில் ஒட்டு நிலத்தைக் காட்டும் அடையாளமும் ஆகும். அரகோனில் -ஈக்கோ, கலீசியாவில் -ஈன்யோ, அஸ்தூரியாஸில் -ஈன், அண்டலூசியாவில் -ஈயோ என்பன மிகுதி. கோஸ்டாரிக்கா மக்கள் டகர ஈற்றுச் சொற்களில் -ஈக்கோவை மிகுதியாக வழங்குவதால் 'டீக்கோஸ்' என்றே அழைக்கப்படுகின்றனர்.

பிரெஞ்சு தனிவழி சென்றது. -எல் என்பது -ஓ எனத் தேய்ந்து, 'அன்யோ' (ஆட்டுக்குட்டி), 'வாஸோ' (பறவை) என்பவற்றில் ஒட்டு மீண்டும் சொல்லோடு கரைந்தது. -எ, -எட் வடிவங்களை 16ஆம் நூற்றாண்டில் ரொன்சார் முதலிய கவிஞர் விரும்பிக் கையாண்டனர். மலெர்பின் (1555–1628) சீர்திருத்தம் அவற்றைச் சுவைக்குறைவு என ஒதுக்கியது. மரீ த கூர்னே என்னும் பெண் அறிஞர் அவற்றிற்காக வாதாடியும் பயன் விளையவில்லை. ஆயினும் இலக்கியத் தடை ஒன்றே பேச்சுமொழியை மாற்றிவிட்டது எனல் மிகை. ஒலித்தேய்வு முன்னரே வழியமைத்திருந்தது. இன்று பிரெஞ்சு சிறுமையைப் பெரும்பாலும் 'பெட்டி' (சிறிய) என்னும் அடையை முன்வைத்தே உணர்த்துகிறது. அன்பும் ஏளனமும்கூட அவ்வடைக்குள் குடிபுகுந்துவிட்டன.

பெயர்ப்பில் எழும் சிக்கல்கள்

கரைந்த குறுமைப்பெயர்கள் பிற மொழிகளுக்குப் பயணம் செய்ததில் தமிழும் பங்கு பெற்றுள்ளது. 'சன்னல்' என்பது போர்த்துக்கீசிய 'ஜனேலா'. அது வாயிலைக் குறிக்கும் இலத்தீன் 'யானுவா'வின் குறுமை, அதாவது 'சிறுவாயில்'. 'கெரில்லா' ஸ்பானியத்தின் 'சிறுபோர்'. 'வயலின்' 'சிறு வியோலா'. 'நாவல்' என்பது 'நோவுஸ்' (புதிய) என்பதன் குறுமையாகிய 'நோவெல்லுஸ்' வழி வந்தது. இவற்றைச் சிறியன என எவரும் கருதார். 'ஒரேய்' என்பதைச் 'சிறு காது' எனப் பெயர்ப்பதும் அத்தகைய பிழையே. இலத்தீன் மூலங்களில் இதனைத் தீர்மானித்தல் கடினம். 'அவ்ரிகுலா' என்பது கொஞ்சலாக வந்ததா, வெறும் காதாக வந்ததா என்பதை நூலின் காலமும் நடையுமே காட்டும்.

உயிருள்ள குறுமையைப் பெயர்க்கும்போது 'குட்டி', 'சின்ன' என்னும் அடைகளை எங்கும் ஒட்டிவிடுதல் எளிய வழி. பல இடங்களில் தவறான வழி. கட்டுல்லுஸின் 'ஓகெல்லி' என்பதைக் 'குட்டிக் கண்கள்' என்றால் கண்ணின் அளவைக் குறைகூறுவது போல் ஆகும். அங்குள்ள பரிவைத் தமிழில் விளியோ, அடைமொழியோ, சொல்தேர்வோ தாங்கவேண்டும். சிசரோவின் 'புல்கெல்லுஸ்' என்பதற்கு 'அழகுராசா' போன்ற ஏளன வழக்கே நெருங்கியது. ஸ்பானிய 'ஆவோரா' (இப்போது) என்பதன் குறுமையாகிய 'ஆவோரீட்டா' மெக்சிகோவில் 'இதோ இப்போதே' என்னும் பொருளிலும், கரீபியப் பகுதியில் 'சற்றுப் பின்' என்னும் பொருளிலும் வழங்குகிறது. நூலாசிரியர் எந்நாட்டவர் என்பதை அறியாமல் இச்சொல்லைப் பெயர்த்தல் ஆகாது.

உறவுப்பெயர்களில் சிக்கல் வேறுவகையது. 'எர்மானீட்டோ' என்பது 'எர்மானோ' (உடன்பிறந்தான்) என்பதன் குறுமை. பெரும்பாலும் அது தம்பியைச் சுட்டும். ஆனால் பாசம் மேலிட்டு மூத்தவனையும் அவ்வாறு அழைப்பதுண்டு. மூத்தோன், இளையோன் எனப் பிரிக்காத பொதுச்சொல்லைத் தமிழ்ப் பேச்சுவழக்கு அளிப்பதில்லை. 'தம்பி' என்று எழுதிய பெயர்ப்பாளர், பத்து அதிகாரங்களுக்குப் பின் அவன் மூத்தவன் என்பதைக் காண நேரும். ஆதலின் பாத்திரங்களின் வயதை முதலில் நூல் முழுவதிலும் தேடி உறுதி செய்துகொண்டு, அதன் பின்னரே முதல் அதிகாரத்தின் அச்சொல்லுக்கு 'அண்ணா' என்றோ 'தம்பி' என்றோ எழுதுதல் வேண்டும்.